அடைப்பம்

சேலத்தை அடுத்த கஞ்சமலை அடிவாரத்தில் எம் தந்தையார் வாழ்ந்த வீட்டை ஒழித்து, அவரை மைசூருக்கு அழைத்துவந்த நாளில், வண்டியில் ஏற்றத்தக்க பொருள் என்று அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவின் இரண்டு பித்தளைக் குடங்கள், ஓர் ஆட்டுக்கல், சுவரிலிருந்த படங்கள், பரணில் ஒரு தகரப்பெட்டி, அவ்வளவே. அந்தத் தகரப்பெட்டியின் அடியில், பழைய வேட்டித் துணியில் பொதிந்து, தோலாலான சிறு பை ஒன்று கிடந்தது. அதனைக் கண்டதும் தந்தையார், "அது எதுக்குடா கண்ணு, அங்கயே போட்டுட்டு வா" என்றார். யாம் போடவில்லை. எடுத்து எம் துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டோம். ஒளித்து வைத்தோம் என்பதே பொருத்தம்.

அந்தப் பைக்கு அடைப்பம் என்று பெயர். அடப்பம் என்றும் சொல்வதுண்டு. வெற்றிலை வைக்கும் பைக்கும் நாவிதர் கருவிப்பைக்கும் தமிழில் பொதுவாக வழங்கிய சொல் இது. கன்னடத்தில் இதுவே ஹடப என்று நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணருக்கு அணுக்கராயிருந்து, அவருடைய வெற்றிலைப் பையைச் சுமந்தவர் எனப்படும் ஹடபத அப்பண்ணர் வசனங்கள் இயற்றிய அடியார். அவர் மனைவியார் லிங்கம்மாவும் வசனம் இயற்றியவர். கன்னட நாட்டு நாவிதச் சமூகத்தாருள் ஒரு சாரார் அப்பண்ணரைத் தம் முன்னோராகப் போற்றுகின்றனர். நம் தமிழிலும் இத்தொழிற் கருவிக்கு இலக்கியப் பெருமை இல்லாமற் போகவில்லை. பொருநராற்றுப்படையில் பாடினியின் காதழகைச் சொல்லவந்த முடத்தாமக் கண்ணியார், மயிர் குறைக்கும் கத்தரிகையின் கைப்பிடி வளையத்தையே உவமையாக எடுத்துக்கொள்கிறார். அந்த உவமையைக் கூச்சமின்றி எடுத்தாண்ட புலவருக்கும், அடைப்பத்தைத் துணிகளுக்கடியில் ஒளித்துக்கொண்டு ஓசூர் வழியே வந்த எமக்கும் இடையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள்.

எம் தந்தையார் ஊர் நாவிதர். எம் பாட்டனாரும் அவ்வாறே. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் போய் நின்று, ஆண்டு முழுதும் செய்த பணிக்கு ராகியும் கம்பும் சோளமும் முறத்தால் வாங்கி வருவது எம் குடும்பத்தின் வருவாய். சவரம் செய்வது மட்டுமன்று. கட்டி கீறுவது, கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பது, சாவுவீட்டில் மொட்டை அடிப்பது எல்லாம் தந்தையார் வேலை. பிள்ளைப்பேறு பார்ப்பது எம் பாட்டியார் வேலை. வாடிக்கைக்காரர் வீட்டுத் திண்ணையில் தந்தையார் அமர்ந்ததை யாம் கண்டதில்லை. மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ வேப்பமரத்தடியிலோதான் வேலை நடக்கும். வழித்து முடிந்தவர் குளித்த பிறகே வீட்டுக்குள் செல்வார். திறந்த கத்தியின் கீழ்த் தம் குரல்வளையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும் அதே மனிதர், எம் தந்தையாருக்குத் தண்ணீர் தருவதானால் தூக்கி ஊற்றுவார். இவர் இரு கையையும் ஏந்திக் குடிப்பார். இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஊருக்குத் தென்புறத்துச் சேரிக்குத் தந்தையார் கத்தி எடுத்துச் சென்றதே இல்லை. போனால் ஊரார் விடமாட்டார்கள் என்பது ஒரு பக்கம். போகவேண்டுமென்று அவருக்கும் தோன்றியதில்லை என்பது மற்றொரு பக்கம். தம் கையை ஏந்தவைத்த அதே ஏணியில் தமக்குக் கீழும் ஒரு படி இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டே வாழ்ந்தார்.

எம்மை அவர் கத்தியைத் தொடவிட்டதில்லை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் தோல்வாரைத் தூணில் கட்டி விளையாட்டாகத் தீட்டியதற்கு, வாழ்நாளில் ஒரே முறையாக எம்மை அடித்தார். "இது உன் கையில ஏறக்கூடாது" என்றார். ஏறவில்லை. பி.ஏ. படித்தோம், தேர்வெழுதினோம், மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தரானோம், மைசூருக்கு வந்தோம். வந்த புதிதில், பொங்கல் விழா ஒன்றில் நம்மவர் குடும்பங்கள் கூடியிருந்தபோது, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று அன்போடுதான் கேட்டார்கள். "விவசாயம்" என்றோம். அரையடி நிலமும் இல்லாத குடும்பம் எமது. அந்த விடையை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் சிலர் இம்மலரைக் கையில் எடுத்திருக்கக்கூடும். அவர்களுக்கு இருபது ஆண்டுகள் கழித்துத் திருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.

தந்தையாருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. கைகளில் நடுக்குவாதம். தம் முகத்தைத் தாமே வழித்துக்கொண்டவர் அவர்; அது முடியாமற்போன பிறகு தாடி வளரத் தொடங்கியது. மைசூரில் எம் தெருமுனையில் இருக்கும் முடிதிருத்தகத்துக்கு அழைத்துச் சென்றோம். நல்ல இளைஞர், புதிய அலகைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகி, நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார். வெளியே வந்த தந்தையார் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "கத்தி பேசவே இல்லை" என்றார். எமக்கு விளங்கவில்லை. மறுவாரம் அவரை அழைத்தபோது வரமறுத்தார். ஒரு மாதத்தில் தாடி மார்பை நோக்கி இறங்கியது. ஊரில் எவன் முகத்திலும் இரண்டு நாள் மயிரை விட்டுவைக்காதவர், பரதேசிபோல் சன்னலோரம் அமர்ந்திருப்பதைப் பார்க்க எம் மனைவியார்க்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பையைத்தான் எடுங்களேன்" என்றார். ஒளித்துவைத்தது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

இத்தகைய மடக்குக் கத்தி ஏன் மறைந்தது என்பதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஜில்லெட் என்ற அமெரிக்கர். தேய்ந்தால் தீட்டவேண்டாம், எறிந்துவிடலாம் என்னும் மெல்லிய அலகை அவர் 1903-இல் விற்கத் தொடங்கினார். அவ்வாண்டு விற்றவை 51 பிடிகளும் 168 அலகுகளுமே. ஆனால் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கென்று இலட்சக்கணக்கில் வாங்கப்பட்டபோது, ஒரு தலைமுறை ஆடவர் முழுதும் தாமே வழித்துக்கொள்ளக் கற்றுவிட்டனர். ஆயினும் நம் நாட்டில் நாவிதர் கையில் பழைய கத்தி மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதை நிறுத்தியது இரண்டாவது காரணம். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவியும் மேற்கொண்ட ஆய்வில், இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், ஒருவர் முகத்தில் பட்ட கத்தி மற்றவர் முகத்தில் படலாகாது என்னும் அறிவு பரவியது. அது சரியான அறிவே. இன்றும் யாம் அதை மீறுவதில்லை. தந்தையாரும் அதனை மறுக்கவில்லை. ஒருநாள் கடையிலிருந்து வந்தவர், கத்திக்கு விளக்கெண்ணெய் தடவி, துணி சுற்றி, அடைப்பத்துள் வைத்துக் கட்டினார். மறுநாள் முதல் பாதி அலகு. அன்று அவர் முகத்தை யாம் கவனித்தோமா என்பது நினைவில் இல்லை. பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தோம்.

அடைப்பத்தைத் திறந்தால் ஒரு கத்தி, ஒரு கத்தரி, நகவெட்டி, உடைந்த கண்ணாடி, நடுவே குழிந்த கருநிறச் சாணைக்கல், காய்ந்து சுருண்ட தோல்வார் ஆகியவை இருந்தன. கூடவே கர்ப்பூர வாசனை. பூசைப்பொருள் எதையும் தந்தையார் அதில் வைத்ததில்லையே என்று வியந்தோம். பிறகே தெரிந்தது: கத்தியின் கைப்பிடி செல்லுலாய்டால் ஆனது; செல்லுலாய்டு என்பது நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சோடு கர்ப்பூரத்தைச் சேர்த்துச் செய்யும் பொருள். முதுமையடைந்தால் அது தானே சிதையத் தொடங்கி, அமில ஆவியை விடும். தான் காக்கவேண்டிய அலகைத் தானே அரிக்கும். எம் கத்தியிலும் கைப்பிடிக்குள் மடிந்திருந்த பகுதியில்தான் துரு அதிகம்.

அலகின் காம்பில் நிறுவனப் பெயர் தேய்ந்து மறைந்துவிட்டது. சோலிங்கன், ஜெர்மனி என்ற இரு சொற்கள் மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரிந்தன. மேற்கு ஜெர்மனி என்று இல்லாமையால் நாடு பிரிந்த 1949-க்கு முற்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் பாட்டனார் வாங்கியது. வாள்செய்வோர் ஊராகப் புகழ்பெற்ற சோலிங்கனில், சவரக்கத்தியின் இரு பக்கமும் உட்குழியுமாறு சக்கரத்தில் அரைத்துச் செய்வர். முதுகு தடித்திருக்கும், அங்கிருந்து விளிம்பை நோக்கி வர வர, நகத்தால் தள்ளினால் வளையும் அளவுக்கு மென்மையாகிவிடும். அவ்வளவு மெல்லிய உருக்குத்தகடு மயிரை அறுக்கும்போது மணியின் விளிம்புபோல் அதிரும். அந்த ஓசையைத்தான் தந்தையார் கத்தி பேசுகிறது என்பார். பிடியில் இறுகச் செருகிய பாதி அலகுக்கு அந்தப் பேச்சு வாராது.

இங்கே எம் மனம் ஆசைப்பட்ட ஒரு கதையையும், அது பொய்த்த விதத்தையும் சொல்லவேண்டும். உருக்கு என்னும் தமிழ்ச் சொல்லும் உக்கு என்னும் கன்னடச் சொல்லும் ஒன்றே. ஆங்கிலேயர் வூட்சு என்று எழுதியது இந்த உக்கையே என்பது பலர் கருத்து. நொய்யற் கரையில் கொடுமணலில் பழந்தமிழர் இரும்பையும் உருக்கையும் உண்டாக்கிய உலைகளின் எச்சங்களை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், மைசூர் நாட்டைச் சுற்றிப்பார்த்த பிரான்சிசு புக்கானன், இங்கே உருக்குச் செய்யும் முறையை நேரிற் கண்டு எழுதினார். சிறு களிமண் குகையில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையை நறுக்கிப் போட்டு, பச்சிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பர். சென்னை மாகாணத்து முறையை எழுதிவைத்த ஹீத் என்பார் எருக்கிலையையும் குறிப்பிடுகிறார். கஞ்சமலைச் சரிவில் ஆவாரையும் எருக்கும் யாம் ஆடு மேய்த்த காலத்திலும் மண்டிக்கிடந்தன. அவை உருக்குக்கு உயிரூட்டும் கரி என்று எங்களில் எவருக்கும் தெரியாது.

அந்த உருக்குக் கட்டிகள் இலண்டனுக்குப் போயின. சேம்சு ஸ்டோடார்ட்டு என்ற கத்தித் தொழிலாளர் அவற்றால் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து, ஐரோப்பிய உருக்கினும் இந்திய உருக்கே சிறந்தது என்று தம் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். அவரோடு சேர்ந்து இவ்வுருக்கை ஆராய்ந்தவர் வேறு யாருமல்லர். பின்னாளில் மின்னியலில் உலகப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே. 1819-இல் அதனைப் பகுத்தாராய்ந்தார். வெள்ளியும் பிளாட்டினமும் கலந்து புதிய உருக்குகளைச் செய்துபார்த்தார். அவற்றில் ஒன்றால் செய்த சவரக்கத்திகளை நண்பர்க்குப் பரிசாக அளிக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. ஃபாரடே கொல்லர் மகன். அதை எவரிடமும் மறைத்ததாகத் தெரியவில்லை.

மேற்சொன்ன ஹீத்து சென்னை மாகாணத்து அரசுப்பணியை விட்டுவிட்டு, 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுதான் அதற்கு ஆதாரம். அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறி, ஷெஃபீல்டு நகரத்து உருக்குத் தொழிலாளர் கைக்கும் சென்றது. ஆகவே, எம் பாட்டனார் கத்தி ஷெஃபீல்டில் பிறந்ததாயிருந்தால், கஞ்சமலை மண் கடல் கடந்து கத்தியாகி, கஞ்சமலை நாவிதர் கைக்கே திரும்பிவந்தது என்று எழுதி, படிப்போர் கண்ணில் நீர் வரவழைத்திருக்கலாம். ஆனால் காம்பில் இருப்பது சோலிங்கன். ஷெஃபீல்டுமே பெரும்பாலும் சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்தது. கதை அழகானது, எம் கத்தி அதற்கு உடன்படவில்லை. ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறோம். இரண்டாவது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கத்தியைச் சீர்செய்யும் வேலையில் முதலில் யாம் செய்தது தவறு. நல்லவேளை, அது தந்தையார் கத்தியிலன்று. தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் பழைய சாமான் விற்பவரிடம் துருவேறிய மடக்குக் கத்திகள் இரண்டை மலிவாக வாங்கி, பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம். அவற்றுள் ஒன்றைத் தெருவில் வந்த சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். சக்கரத்தில் வைத்த மாத்திரத்தில் தீப்பொறி பறந்தது. விளிம்பு மயிற்கழுத்து நீலமாகியது. பார்க்க அழகாகவே இருந்தது. கதை அத்துடன் முடிந்தது. உருக்கைக் காய்ச்சித் தோய்த்தபின் ஓரளவே மீண்டும் சூடாக்கிப் பதம் வைத்திருப்பார்கள். நீலம் பூத்தால் ஏறத்தாழ 300 பாகை வெப்பம் ஏறிப் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் அதைத் தீட்டலாம். ஆனால் கூர் நில்லாது. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அரிவாளைத் தீட்டுபவரிடம் சவரக்கத்தியைக் கொடுத்தது எம் அறியாமை. சன்னலோரமிருந்து பார்த்துக்கொண்டிருந்த தந்தையார் வாய்திறக்கவில்லை. தாடியை மட்டும் நீவிக்கொண்டார்.

அதன்பின் இயந்திரம் எதையும் நாடவில்லை. விரல் பொறுக்காத சூடு கத்திக்கும் ஆகாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டோம். கைப்பிடியின் ஆணியை மெல்லிய துளைப்பானால் அரித்து நீக்கி, அலகைத் தனியே எடுத்தோம். எண்ணெயில் ஊறவைத்து, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சாலும், பிறகு நீரில் நனைத்த உப்புத்தாளாலும் தேய்த்தோம். நானூறாம் எண்ணில் தொடங்கி, அறுநூறு, ஆயிரம், ஈராயிரம் என்று நுண்மை கூடிக்கொண்டே போகவேண்டும். எப்போதும் முதுகிலிருந்து விளிம்பை நோக்கியே கை போகவேண்டும். நினைவு தப்பி விளிம்பை எதிர்த்துத் தேய்த்தால் விரல் போகும். எமக்கு இரண்டு விரல் போய், திரும்பி வந்தன. அலுவலகத்தில் கட்டுப்போட்ட விரலோடு கோப்பு எழுதியதைக் கண்டு நண்பர்கள், வீட்டில் காய்கறி நறுக்கும் பணியும் உமக்கோ என்று நகைத்தனர். பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இவ்வாறு போயின. துருவை முழுதும் நீக்க முயலவில்லை. முதுகோரம் கருந்தேமல்போல் சில தடங்கள் இன்றும் உண்டு. அவற்றையும் அகற்றப்புகுந்தால் அலகே மிஞ்சாது.

கைப்பிடிக்குத்தான் மைசூர் கைகொடுத்தது. பழைய நாளில் இத்தகைய கத்திகளுக்கு எருமைக் கொம்பும் தந்தமும் பிடியாக அமைந்தன. தந்த வாணிகம் இன்று சட்டப்படி குற்றம். மைசூரில் ஈட்டி மரத்தில் சித்திர வேலைப்பாடு இழைக்கும் கைவினைஞர்கள் ஒருகாலத்தில் தந்தத்தைப் பதித்தவர்களே. இப்போது வெண்மைக்கு வேறு பொருள் பதிக்கிறார்கள். மண்டி மொகல்லாப் பக்கம் அத்தகைய பட்டறை ஒன்றில் சென்று, ஒரு சாண் நீளத் துண்டு கிடைக்குமா என்று கேட்டோம். எதற்கு என்றார் முதியவர். தயங்கி, "நம்ம தந்தெயவர கத்திகெ" என்று எமக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னோம். "ஏனு கெலச மாடுத்தித்தரு?" என்றார். என்ன வேலை செய்தார் என்ற அதே கேள்வி. பொங்கல் விழாவில் கேட்ட கேள்வி. அவர்கள் மொழியில் கேட்டதாலோ, கையில் கத்தியே இருந்ததாலோ, இம்முறை உள்ளதைச் சொன்னோம். அவர் புருவம்கூட அசையவில்லை. கத்தியை வாங்கி நீளம் அளந்தார். உள்ளே சென்று, வரி நேராக ஓடும் கருஞ்சிவப்புத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மெல்லிய சட்டங்களாக அறுத்துக்கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். வற்புறுத்தியபின் ஒரு தேநீர் விலையை வாங்கிக்கொண்டார்.

சட்டங்களை அரத்தால் வளைவுக்குக் கொண்டுவந்து, ஒரு முனையில் ஈய ஆப்பு வைத்து, பித்தளை ஆணியைச் சிறு சுத்தியலால் பூப்போலத் தட்டி விரித்துப் பூட்டினோம். ஆணி இறுகினால் கத்தி திறவாது. தளர்ந்தால் மடக்கும்போது பக்கத்தில் உராய்ந்து விளிம்பு போகும். நான்கு முறை பூட்டி நான்கு முறை கழற்றினோம்.

இனித் தீட்டுதல். இந்தக் கத்தியின் நுட்பமெல்லாம் அதன் தடித்த முதுகில் இருக்கிறது. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியும்படி கிடத்தித் தள்ளினால் போதும். கோணம் தானே அமைந்துவிடும். விளிம்பு தேயத் தேய முதுகும் தேய்வதால், எத்தனை ஆண்டானாலும் அந்தக் கோணம், ஏறத்தாழ பதினாறு பதினேழு பாகை, மாறுவதில்லை. கல்லில் விளிம்பு முன்செல்ல வேண்டும். தோல்வாரில் முதுகு முன்செல்ல வேண்டும். இதனை மறந்தால் தோல்வார் இரண்டு துண்டாகும். ஆயிரம் எண் கல்லில் தொடங்கிப் பன்னிரண்டாயிரத்தில் முடிக்கும் செயற்கைக் கற்களை வரவழைத்தோம். தந்தையாரின் சாணைக்கல் நடுவே குழிந்திருந்தது. முப்பது ஆண்டு அவர் கை போட்ட குழி அது. சமதளம் இல்லாத கல் உதவாது என்று தெரிந்தும், அதனைத் தொட மனமின்றி அலமாரியில் வைத்திருந்தோம். தந்தையார் அதைக் கண்டுகேட்டார். காரணத்தைச் சொன்னபோது அவருக்குச் சினமே வந்தது. "கல்லு என்ன சாமியா? கண்ணாடி மேல உப்புத்தாளப் போட்டுத் தேச்சு மட்டம் பண்ணுடா. கல்லு வளைஞ்சா கத்தி வளையும்." அவர் சொன்னபடியே தேய்த்தோம். ஒரு மாலைப்பொழுதில் அவருடைய முப்பது ஆண்டும் கருஞ்சேறாகிக் குழாயடியில் ஓடியது. கல் நன்றாக வேலை செய்கிறது. பன்னிரண்டாயிரத்துக்குப் பிறகும் கடைசியில் அதில் பத்து முறை இழுத்தால் விளிம்பு மென்மைப்படுகிறது.

அன்று முதல் அவர் எமக்கு ஆசிரியரானார். கை நடுங்கும், ஆனால் காது நடுங்கவில்லை. அடுத்த அறையில் கட்டிலில் படுத்தபடியே, தோல்வாரில் யாம் தீட்டும் ஓசையைக் கேட்டு, "முனை தூக்குது", "அழுத்தாத", "இப்பச் சரி" என்பார். பயிற்சிக்கு வாங்கிய மற்றொரு கத்தியால் எம் முகத்தில் நான்கு மாதம் பழகினோம். அதற்கும் முன், மகளின் பிறந்தநாள் பலூனை ஊதி, சவர்க்கார நுரை தடவி, வெடிக்காமல் வழிக்கப் பழகினோம். தம் இளமையில் தம் கெண்டைக்காலிலேயே பழகியதாகத் தந்தையார் சொன்னார். நஞ்சன்கூட்டில் கபிலைக் கரையில் குழந்தைகளுக்கு மொட்டையடிக்கும் தொழிலாளர்களை ஒருநாள் அரைமணி நேரம் நின்று பார்த்தோம். அலறித் திமிறும் குழந்தையின் தலையில் அவர்கள் கை போகும் போக்கைக் கண்டபின், எம் மகளுக்கு அங்கே முடியிறக்கிய நாளில் அந்தத் தொழிலாளர் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எமக்கல்லவா முதலில் தெரிந்திருக்கவேண்டும்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எனக்குப் பண்ணு" என்றார்.

சாய்வு நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்த்தோம். நீண்ட தாடியைக் கத்தரியால் குறைத்தபின், வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் ஐந்து நிமிடம் போர்த்தினோம். மைசூர்ச் சந்தன சோப்புத்தான் வேண்டும் என்றார். அது குளிக்கும் சோப்பு, இதற்கு நுரை போதாது என்றோம். அப்படியானால் கடைசியில் முகம் கழுவவாவது அது இருக்கட்டும் என்றார். (முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக்கட்டை ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கேதான் எண்ணெய் வடிக்கப்பட்டது. போரினால் அது நின்றதால்தான் மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கவும், சோப்புத் தொழிலில் இறங்கவும் நேர்ந்தது. சந்தனம் அங்கே போனது. கத்தி இங்கே வந்தது.)

இடக்கையால் காதோரத் தோலை மேல்நோக்கி இழுத்துப்பிடித்து, கத்தியை முப்பது பாகை சாய்த்து, முதல் இழுப்பை இழுத்தோம். முதுமையில் தளர்ந்த தோல், நனைந்த துணிபோல் கையோடு வரும். அதை விறைக்கப் பிடிப்பதே பாதி வேலை. மடிமேல் அவர் கைகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. தலை ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கன்னம் முடிந்து, மோவாயைத் தாண்டி, குரல்வளை மேட்டுக்கு வந்தபோது எம் கை நின்றுவிட்டது. ஊர் முழுதும் இவரிடம் நீட்டிய கழுத்து. இவர் எம்மிடம் நீட்டுகிறார். கண்ணைத் திறக்காமலே, "நிக்காத. நின்னாத்தான் வெட்டும். விழுங்கறேன், அப்ப இழு" என்றார். விழுங்கினார், மேடு மேலேறி நின்ற நொடியில் இழுத்தோம். அப்போதுதான் அது கேட்டது. நகத்தால் வெண்கலத் தட்டைச் சுண்டியதுபோல், ஆனால் அதனினும் மெலிதாக, கர் என்றும் ரிங் என்றும் சொல்லமுடியாத ஓசை. அம்மேட்டை விட்டு இறங்கும்வரை அது ஓயவில்லை. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வாயோரம் மட்டும் சற்றே அசைந்தது. அதனால் அங்கே ஒரு சிறு கீறல் விழுந்தது. படிகாரத்தை நனைத்து ஒற்றினோம்.

முகம் கழுவி, சந்தன சோப்புப் போட்டு, துடைத்து, கண்ணாடியை முன்னே பிடித்தோம். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நடுங்கும் விரல்களைப் புறங்கையாகத் திருப்பி, கீழிருந்து மேலாக, மயிர் வளரும் திசைக்கு எதிராக, முகம் முழுதும் மெல்லத் தடவிவந்தார். வலப்பக்க மோவாயின் கீழ் விரல் நின்றது.

"இங்க ரெண்டு நிக்குது" என்றார்.

தூரிகையை மறுபடியும் நனைத்தோம்.